கொழுக்கட்டைப்புல் முளைச்ச வாசல்

மத்தியானம் ஒரு வாய் சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கண்ண மூடினா ஆனையூர்ல யாருக்காவது பொறுக்காது. ஒண்ணு சிலிண்டர்காரன் கேட்டைத் தட்டுவான், இல்லன்னா தண்ணி லாரிக்குக் குடத்தோட சண்டை நடக்கும். அன்னைக்கு எதிர்வீட்டுல இருந்து டங்கு டங்குன்னு கடப்பாரைச் சத்தம். சித்திரை வெயில். திருவிழா முடிஞ்சு அழகரே மலைக்குத் திரும்பியாச்சு, ரோட்டுல நாய் கூட இல்ல. இந்த நேரத்துல எவன் கொத்துறான்னு கொண்டைய முடிஞ்சுக்கிட்டு வெளிய வந்து பார்த்தா, முத்துப்பாண்டி அண்ணன். தலையில துண்டைக் கட்டிக்கிட்டுத் தன் வீட்டு வாசல் சிமெண்டுத் தளத்தையே ஒடைச்சுக்கிட்டிருக்காரு.

"என்னண்ணே இது கூத்து? பைப்பு கிய்ப்பு ஒடைஞ்சு போச்சா?"

"பைப்பு ஒடையல தங்கச்சி. தளத்த நாந்தான் ஒடைக்கிறேன்."

"அது தெரியுது. எதுக்கு?"

"போர் வத்திப் போச்சுல்ல. மழை பேஞ்சா ஒரு சொட்டு உள்ள எறங்குதா? அம்புட்டும் ரோட்டுக்கு ஓடுது. மண்ணுக்கு மூச்சு முட்டுதும்மா."

மண்ணுக்கு மூச்சு முட்டுதாம்! அவருக்குத்தான் முட்டுதுன்னு இந்தத் தெருவுக்கே தெரியும். கவர்மெண்டு பஸ்ஸுல டிரைவரா இருந்து தை மாசம் ரிட்டையர் ஆனவரு. அதுல இருந்து அவருக்கு ஒரு இடத்துல உக்கார முடியல. நாற்காலியில உக்காந்தாலும் இடது காலு கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டே இருக்கும். டீக்கடைக்குப் போவாரு, திரும்பி வருவாரு, கேட்டுக் கொண்டிய மாட்டுவாரு, எடுப்பாரு. எனக்கே பார்த்துப் பார்த்துத் தலை சுத்தும். எங்க வீட்டுக்காரரு சௌரிராஜனுக்கு செல்லூர்ல ஜாக்கெட் துணிக்கடை. "அந்த மனுசனக் கடையில கொண்டு போயி உக்கார வைங்க, துணியாவது மடிப்பாரு"ன்னு நான் எங்க பாஷையில சொல்லுவேன், தமிழ் இல்ல அது, நாங்க வீட்டுக்குள்ள பேசுறது. எங்க பாஷையில பேசுறதுல ஒரு சௌகரியம், எதிர்வீட்டுல என்னதான் காதைத் தீட்டினாலும் வெளங்காது.

சத்தம் கேட்டு உள்ள இருந்து ஜெயக்கொடி அக்கா ஓடி வந்தாங்க. வந்த வேகத்துல ஒடையாத தளத்து மேல போயி உக்காந்துட்டாங்க.

"ஒடைங்க. என்னையும் சேத்து ஒடைங்க. வசு, பாரு இந்த மனுசன. வீட்டுல உக்காரச் சொன்னா வீட்டையே பேக்குறாரு."

"எந்திரி புள்ள. வெயில்ல தளம் சுடும்."

"சுடட்டும். எதுக்கு இந்தத் தளத்தப் போட்டேன்னு ஒங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சுமா கடப்பாரையத் தூக்குறீக?"

அண்ணன்பாட்டுக்கு அக்கா உக்காந்த இடத்த விட்டுட்டு மிச்சத்தை ஒடைச்சாரு.

எதுக்குத் தளம் போட்டாங்கன்னு எனக்கும் தெரியும். அதுக்குக் காரணம் நடந்த அன்னைக்கு நான் மாடியில வத்தல் காயப் போட்டுக்கிட்டிருந்தேன், கண்ணால பார்த்தவ.

இவுக ஒரே பொண்ணு திவ்யா. தங்கமான பிள்ளை. அவளை அக்காவோட கூடப்பிறந்த அண்ணன் சின்னக்கருப்பன் மகன் அழகுராஜாவுக்குத்தான் குடுக்கணும்னு தொட்டில்ல கெடந்தப்பவே பேச்சு. செக்கானூரணிக்கு மேக்க அவருக்குத் தோட்டம், மாடு, கன்னுன்னு நல்ல வசதி. ஆனா இந்தப் பிள்ளை கூடப் படிச்ச சூரியபிரகாஷைத்தான் கட்டுவேன்னு ஒத்தக்கால்ல நின்னுச்சு. தாயும் தகப்பனும் சரின்னுட்டாங்க. பத்திரிகை வைக்கப் போனப்ப சின்னக்கருப்பன் வீட்டைப் பூட்டிக்கிட்டாரு. மறுநாள் இங்க வந்தாரு. கேட்டைத் தாண்டி ஒரு அடி வச்சவரு வாசல் மண்ணைக் கை நெறைய அள்ளினாரு.

"மொறைக்காரன் வீட்டுக்கு வர வேண்டிய பிள்ளைய வழியில விட்டவளே! இந்த வாசல்ல புல்லு முளைக்கணும்டி. புல்லு முளைச்ச அன்னைக்குத்தான் இதுல என் காலு படும். அதுவரைக்கும் ஒனக்கு அண்ணன் இல்ல, ஒம் மகளுக்குத் தாய்மாமன் இல்ல."

மண்ணை வீசிட்டுப் போயிட்டாரு. எனக்குக் கையில இருந்த வத்தல் மாவு அப்படியே காஞ்சு போச்சு. வாசல்ல புல்லு முளைக்கன்னா சும்மாவா? புழங்க ஆளு இல்லாம, வெளக்கேத்தக் கை இல்லாம வீடு பாழாப் போகணும்னு அர்த்தம். ஒரு அண்ணன் தங்கச்சிக்கு விடுற சாபமா அது?

அழகுராஜா அவன்பாட்டுக்கு வேற கல்யாணம் முடிச்சு ரெண்டு பிள்ளைக்குத் தகப்பனும் ஆகிட்டான். திவ்யா கல்யாணத்துக்கு வந்து மொய்யும் செஞ்சுட்டுப் போனான். பெருசுக்குத்தான் ஆறல. திவ்யாவுக்கோ ரெண்டு தடவ தங்கி, ரெண்டு தடவயும் கலைஞ்சு போச்சு. டாக்டரு என்னென்னமோ காரணம் சொன்னாங்க. அக்காவுக்கு ஒரே காரணந்தான். மொதத் தடவ கலைஞ்சப்பவே கொத்தனாரைக் கூப்பிட்டு வாசல் முச்சூடும் சிமெண்டு பூசிட்டாங்க. ரெண்டாந்தடவைக்கு அப்புறம் விளக்குமாறும் கையுமாவே திரிஞ்சாங்க. தளத்து விரிசல்ல ஒரு பச்சை தெரிஞ்சாப் போதும், கொண்டை ஊசிய உருவித் தோண்டி எடுப்பாங்க.

இப்ப திவ்யாவுக்கு மூணாவது தடவ. அஞ்சாம் மாசம். இந்த நேரத்துலதான் அண்ணன் தளத்தை ஒடைக்கிறாரு.

அதோட விட்டாரா? ஒடைச்ச கல்லெல்லாம் சுவரோரம் குவிச்சுட்டு, ஒருநாள் டிவிஎஸ் வண்டியில பின்னாடி ரெண்டு சாக்கு மூட்டையோட வந்து எறங்கினாரு. எறக்கி அவுத்தா, புல்லு. காஞ்ச, சாம்பல் பூத்த, மாடு கூட யோசிச்சுத் திங்கிற மாதிரிப் புல்லு.

நான் தண்ணிக் குடத்தோட நின்னுட்டேன். "அண்ணே, என்னது இது?"

"கொழுக்கட்டைப்புல்லும்மா. நம்ம பக்கத்துப் புல்லு. தரிசுல தன்னால கெடக்கும். தண்ணி கேக்காது, மருந்து கேக்காது. ஒரு மழைக்கு வேர் ஊணிருச்சுன்னா அப்பறம் வானம் பொய்ச்சாலும் அதுபாட்டுக்கு நிக்கும். கதிரு வாங்கிப் பாரு, கண்ணு எடுக்க மாட்ட. பெரிய பெரிய பங்களாவுல எல்லாம் இதத்தான் அழகுக்கு வைக்கிறாங்க இப்ப."

"நீங்க எந்தப் பங்களாவப் பார்த்தீங்க?"

"போன்ல பார்த்தேன்."

உள்ள இருந்து வந்த அக்கா புல்லைப் பார்த்தாங்க, அவரைப் பார்த்தாங்க. கத்துவாங்கன்னு நெனச்சேன். கத்தல. முந்தானைய வாயில வச்சுக்கிட்டு அழுதாங்க. எனக்கு வந்துச்சே கோவம், அந்தச் சாக்கைத் தூக்கி ரோட்டுல வீசலாம்னு இருந்துச்சு.

"அண்ணே, ஒங்களுக்குக் கூறு கீறு இருக்கா? மண்ணுல தண்ணி எறங்கணும்னா கனகாம்பரம் வைங்க, ஒரு கருவேப்பிலை வைங்க. அக்கா எதுக்குப் பயப்படுறாங்களோ அதையே சொமந்துட்டு வருவீங்களா? வேலியில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்ட மாதிரி!"

"கனகாம்பரத்துக்கு யாரு தண்ணி ஊத்துறது? லாரிக்காரன் ஒங்க மாமனா?"

"அப்ப வேற ஏதாச்சும் வைங்க!"

"இதுதாம்மா வேணும்." அவ்வளவுதான் சொன்னாரு. மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு.

அந்தப் பிடிவாதத்த நான் அவருகிட்டப் பார்த்ததே இல்ல. தெருவுல எவன் என்ன சொன்னாலும் "சரிதாம்பா"ன்னு போற மனுசன். அன்னைக்கு அக்கா அழுதது, நான் திட்டுனது, ஒண்ணும் ஏறல. குத்துக்காலிட்டு உக்காந்து தூரு தூராப் பிரிச்சாரு. அரிவாள எடுத்து ஒரு சாண் விட்டுத் தலைய அறுத்தாரு. "தலை இருந்தா அது தண்ணிய இழுத்துக் காய வச்சிரும், வேரு பிடிக்கணும்னா மொட்டை அடிக்கணும்"னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாரு. செம்மண்ணும் சரளையும் கலந்து குழி போட்டு, ஒவ்வொரு தூரையும் எறக்கி, குதிகாலால மிதிச்சு இறுக்கினாரு. கேட்டுல இருந்து வீட்டுப் படி வரைக்கும் நடக்க ஒத்தையடி மட்டும் விட்டு, அதுக்கு ரெண்டு பக்கமும் நட்டாரு. அன்னைக்குச் சாயங்காலமே கோடைமழை ஒண்ணு கொட்டுச்சு. போர்வைய விரிச்ச மாதிரி ஊரெல்லாம் மண்வாசம். அண்ணன் மழையில நனைஞ்சுக்கிட்டே கேட்டுல நின்னாரு. ஒரு தடவ கூடக் காலு ஆடல.

அக்கா அன்னைக்கு ராத்திரிக்குச் சோறு பொங்கல.

அதுக்கப்புறம் அந்த வீட்டுல பேச்சுன்னா சண்டைதான். மொதக் கொஞ்ச நாளைக்குப் பாத்திரம் கழுவுற தண்ணிய மட்டும் ஊத்தினாரு. அக்கா அந்தத் தண்ணிய வேணும்னே சாக்கடையில கொட்டுவாங்க. அவரு எங்க வீட்டுக்கு வாளியத் தூக்கிட்டு வருவாரு. "தங்கச்சி, அரிசி களைஞ்ச தண்ணி இருந்தாக் குடும்மா"ம்பாரு. குடுத்தா அக்காவுக்குக் கோவம், குடுக்காட்டி அவருக்கு வருத்தம். நான் ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டுன மத்தளம் மாதிரி ஆகிட்டேன், ரெண்டு பக்கமும் இடி.

"நீயாச்சும் அவருக்குச் சொல்லு வசு"ன்னு அக்கா வெங்காயம் உரிச்சுக்கிட்டே புலம்புவாங்க. "எனக்கு உக்காந்தா இருப்புக் கொள்ளல, படுத்தா தூக்கம் வரல. போன் அடிச்சா பகீருங்குது. திவ்யா போனோன்னு பயந்து பயந்து எடுக்கிறேன். அண்ணன் வாயால விழுந்த சொல்ல இந்த மனுசன் கையால நட்டு வச்சிருக்காரே, நான் என்ன பாவம் செஞ்சேன்?"

"நீங்களே ஒரு எட்டு ஒங்க அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வாங்களேன்."

"போனேன்டி. ரெண்டாவது கலைஞ்சப்ப போனேன். கதவத் தெறக்கல. மதினி சன்னல் வழியா அழுதுக்கிட்டே போகச் சொல்லிருச்சு. இந்தத் தடவ வளைகாப்புக்கு மொத வளையலு தாய்மாமன் வீட்டுல இருந்து வரணும். எங்க சாதிசனத்துல அதான் மொறை. அவரு வராம யாரு போட்டாலும் எனக்கு மனசு ஆறாது. அந்த மனுசன் மனசு குளுந்து ஒரு வளையலு போட்டாத்தான் எம் பிள்ளை வயித்துல இருக்கறது தங்கும்."

இதெல்லாம் இந்தக் காலத்துல நம்புறீங்களாக்கான்னு நான் கேக்கல. எங்க வீட்டுலயும் ஆயிரம் இருக்கு. கேக்க எனக்கு என்ன யோக்கியதை?

ஆடி பொறந்ததும் திவ்யா கோயம்புத்தூர்ல இருந்து இங்க வந்துட்டா, டாக்டரு அலையக் கூடாதுன்னுட்டாங்க. வளைகாப்பையும் இங்கயே வச்சு முடிச்சிருவோம்னு மாப்பிள்ளை வீட்டுல ஒத்துக்கிட்டாங்க. அவ வந்த நேரத்துல புல்லு கதிரு வாங்கியிருந்துச்சு.

உள்ளதைச் சொல்லணும்ல. நான் அம்புட்டுத் திட்டுனவ, காலையில கதவைத் தெறந்து பார்த்து அசந்து போயிட்டேன். இடுப்பளவுக்குக் குத்துக் குத்தா நிக்குது. ஒவ்வொரு தண்டு நுனியிலயும் அணில் வாலு கணக்கா கதிரு, ஊதாவும் இல்லாம பழுப்பும் இல்லாம ஒரு நெறம். ஆடிக்காத்து அடிச்சா அம்புட்டும் ஒரே பக்கமாச் சாஞ்சு, திரும்ப நிமுருது. வெயிலு சாயுற நேரத்துல கதிரு முடி ஒவ்வொண்ணுலயும் வெளிச்சம் நிக்குது. தினைக்குருவி கூட்டமா வந்து தண்டுல தொங்கிக்கிட்டு விதை பொறுக்குது. காலேஜ்க்குப் போற பிள்ளைக கேட்டுல நின்னு போட்டோ எடுத்துச்சுக. அந்த வருசம் ஆனையூர்ல வேப்பமரமே வதங்கிக் கெடந்துச்சு. வேரு பிடிச்சப்பறம் ஒரு சொட்டு தண்ணி கேக்காம நின்னது அந்தப் புல்லு மட்டுந்தான்.

ஒரே இம்சை என்னன்னா, காயப் போட்ட என் சேலையெல்லாம் அந்த விதை வந்து ஒட்டிக்கிரும். கொசுவத்துல கையை வச்சா சுருக்குங்கும். "அண்ணே, ஒங்க புல்லு என் சேலையில குடி வந்துருச்சு, வாடகை வாங்கித் தாங்க"ன்னு கத்துவேன். திவ்யா சன்னல்கிட்ட உக்காந்து விழுந்து விழுந்து சிரிப்பா. நாள் முழுக்க அந்தச் சன்னல்தான். வயித்துல கைய வச்சுக்கிட்டுப் புல்லையே பார்த்துக்கிட்டிருப்பா.

"அத்தை, இது அசையிறப்ப இவனும் அசையிறான்"னு ஒருநாள் எங்கிட்டச் சொன்னா.

அக்கா மட்டும் அதைத் திரும்பிப் பார்க்கல. ஒத்தையடியில நடக்கும்போது சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, அது பட்டுறாம நடப்பாங்க. கோலத்தைக் கேட்டுக்கு வெளிய ரோட்டுல போட்டாங்க. வண்டி ஏறி அழிஞ்சா மறுபடி போடுவாங்க. அண்ணனோ வளைகாப்பு வச்சிருந்த ஆவணி நெருங்க நெருங்க நிலைகொள்ளாம ஆகிட்டாரு. அடிக்கடி போனை எடுத்துக்கிட்டுத் தெருமுக்குக்குப் போவாரு. யாருகிட்டப் பேசுறாருன்னு தெரியாது. நான் வந்தா வச்சிருவாரு. இந்த வயசுல என்ன ரகசியம்னு எனக்கும் சந்தேகம், எங்க வீட்டுக்காரருகிட்டச் சொல்லித் திட்டு வாங்குனதுதான் மிச்சம்.

வளைகாப்புக்கு முந்தின நாளு. வீடு நெறைய ஆளு. ஏழு வகைச் சோத்துல புளியோதரை எங்க பொறுப்பு. எங்க வீட்டுப் புளியோதரைன்னா ஆனையூருக்கே தெரியும். நான் புளிக்காய்ச்சலக் கிண்டிக்கிட்டு இருக்கேன், எதிர்வீட்டுல ஓன்னு ஒரு சத்தம். ஓடிப் போனா திவ்யா மூஞ்சி வெளுத்துப் போயி நிக்கிறா.

"அம்மா, காலையில இருந்து அசையவே இல்லம்மா."

அப்படியே ஆட்டோவப் பிடிச்சு கோரிப்பாளையத்துக்கு அந்தாண்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. அண்ணன், அக்கா, மாப்பிள்ளை எல்லாரும் போனாங்க. போன கொஞ்ச நேரத்துல அக்கா மட்டும் துணிமணி எடுக்கத் திரும்பி வந்தாங்க. ஆட்டோவ விட்டு எறங்குனவங்க வீட்டுக்குள்ள போகல. கேட்டுல நின்னு அந்தப் புல்லையே பார்த்தாங்க. காத்துல அது ஒய்யாரமா ஆடிக்கிட்டு நிக்கிது. சுவரோரம் மண்வெட்டி கெடந்துச்சு.

"அக்கா, வேணாம்."

"தள்ளு வசு."

"பூவும் கதிருமா நிக்கிதுக்கா. நாளைக்கு விசேசம்."

"தள்ளுன்னேன்ல! எம் பிள்ளைய இது திங்கிதுடி!"

மொதல்ல கையால பிடுங்கினாங்க. வருமா அது? பாறைக்குள்ளயும் வேரு விடுற சாதி. உள்ளங்கைய அறுத்துருச்சு. அப்புறம் மண்வெட்டிய ஓங்கிப் போட்டாங்க. ஒவ்வொரு தூருக்கும் ஒரு ஏச்சு. அண்ணனைத் திட்டினாங்க, புருசனைத் திட்டினாங்க, குலசாமியத் திட்டினாங்க. நான் கையப் பிடிச்சு இழுத்தேன், என்னையும் தள்ளி விட்டாங்க. ஒரு தூரு பாக்கி இல்லாம வெட்டிச் சுவரோரம் கல்லுக் குவியல்ல வீசிட்டு, மண்ணும் ரத்தமுமா வாசல்ல உக்காந்தாங்க. அந்த நேரத்துல போன் அடிச்சுச்சு. அவங்க எடுக்கல. நான்தான் எடுத்தேன். மாப்பிள்ளை.

"அத்தை, ஒண்ணும் பயமில்ல. குழந்தை நல்லா இருக்கு. இப்ப நல்லா உதைக்குதாம். இன்னைக்கு மட்டும் இருக்கச் சொல்றாங்க, காலையில நேரா விசேசத்துக்கே வந்துருவோம்."

நான் சொன்னதும் அக்கா என்னை நிமிந்து பார்த்தாங்க. அழுகையும் சிரிப்புமா ஒரு மூஞ்சி.

"பார்த்தியா வசு? பிடுங்குனேன், பிள்ளை அசைஞ்சிருச்சு. பார்த்தியா?"

நான் புளிக்காய்ச்சல் அடிப்பிடிச்சிருக்கும்னு ஓடிட்டேன்.

மறுநாள் காலையில வாசல்ல சின்னதாப் பந்தல், வாழைமரம். வெட்டுன மண்ண நெரவி, சாணி தெளிச்சு, ரொம்ப நாளைக்கப்புறம் அக்கா கேட்டுக்கு உள்ள கோலம் போட்டிருந்தாங்க. கையில மஞ்சத் துணி கட்டு. வெயிலு ஏறித்தான் நல்ல நேரம். ஆட்டோ வந்து நின்னுச்சு. மொதல்ல அண்ணன் எறங்கினாரு. எறங்கினவரு வாசலைப் பார்த்தாரு, சுவரோரம் வாடிக் கெடந்த குவியலைப் பார்த்தாரு. கேட்டுக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டாரு.

"ஏ புள்ள, என்ன காரியம் பண்ணிட்ட? இன்னும் ஒரு நாளு. ஒரே ஒரு நாளு பொறுத்திருக்கக் கூடாதா?"

"எதுக்குப் பொறுக்கணும்? பிடுங்குனப்பறந்தான் எம் பிள்ளை..."

அக்கா சொல்லி முடிக்கல. தெருமுக்குல ஒரு வேன் திரும்புச்சு. வந்து கேட்டு முன்னால நின்னுச்சு. கதவத் தெறந்து மொதல்ல ஒரு அம்மா தாம்பாளத்தோட எறங்குனாங்க. தட்டு நெறைய கண்ணாடி வளையலு, பச்சையும் செவப்புமா. பின்னால வெள்ளை வேட்டி, தோள்ல பச்சைத் துண்டு, நரைச்ச மீசை. சின்னக்கருப்பன்.

அக்கா வாயில இருந்து "அண்ணே"ன்னு ஒரு சத்தம் வந்துச்சு.

அவரு தங்கச்சியப் பார்க்கல. கேட்டுக்கு வெளியவே நின்னு வாசலைப் பார்த்தாரு.

"மாப்ள, புல்லு எங்கய்யா?"

"நேத்து வரைக்கும் நிண்டுச்சு மச்சான்."

"இடுப்பளவு நிக்கிதுன்னு நீருதானே போன்ல சொன்னீரு?"

"நிண்டுச்சு மச்சான். இவளுக்குத் தெரியாதுல்ல. வெட்டிப்புட்டா."

அக்கா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாங்க. "என்ன தெரியாது? எனக்கு என்ன தெரியாது?"

அண்ணன் தரையில உக்காந்தபடியே சொன்னாரு. "புல்லு முளைச்ச அன்னைக்குத்தான் என் காலு படும்னு சொல்லிட்டுப் போனாருல்ல ஒங்கண்ணன். நீ முளைக்க விடாமப் பார்த்துக்கிட்ட. அப்ப அவரு எப்பிடி வருவாரு? அதான் நானே போயி அவரு வீட்டு முன்னால நிண்டேன். மச்சான், முளைக்க வச்சா வருவீகளான்னு கேட்டேன். பேசாம உள்ள போனாரு. கடப்பாரையோட வந்தாரு. அவரு தரிசுல இருந்து அவரே வெட்டிக் கட்டிக் குடுத்த புல்லு புள்ள இது."

"இத எங்கிட்டச் சொன்னா என்ன கேடு?"

"வாரேன்னு சொல்லி இந்த மனுசன் வராமப் போயிட்டா நீ தாங்குவியா? ஏற்கனவே சன்னல்ல நிண்டு அழுதுட்டு வந்தவதானே நீ."

இந்த மனுசனையா கூறு கெட்டவருன்னு திட்டுனேன்? நாள் முழுக்க அவரு காலு மிதிச்சது எந்தக் கிளட்ச்சுன்னு இப்பத்தான் வெளங்குச்சு.

அந்த அம்மா, அக்காவோட மதினி, தட்டை இடுப்புல வச்சுக்கிட்டுப் புருசனை ஒரு இடி இடிச்சாங்க. "நிண்டுக்கிட்டே இருக்கீரு? அதான் வந்தாச்சுல்ல. புல்லாவது மண்ணாவது, உள்ள போரும்."

"போகலாம்டி. நான் மாட்டேன்னா சொல்றேன்?" அவரு தோள்துண்டை உருவிக் கையில பிடிச்சாரு. "ஊரறிய மண்ண அள்ளி விட்டேன். புல்லு முளைக்காம சும்மா மிதிச்சுட்டுப் போனேன்னா அந்தச் சொல்லு எங்கிட்டுப் போகும்? முடியாமத் தொங்கிக்கிட்டு நிக்கும். கடைசியில அந்தப் பிள்ளைக்குத்தான் போயி விடியும். ரெண்டு தடவ விடிஞ்சது போதாதா? எனக்குத் தூக்கம் இல்லடி. அதை இன்னைக்கு முடிச்சுட்டுப் போயிரலாம்னு வந்தேன்."

சொல்லிட்டுத் துண்டால மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டாரு. ஆட்டோவுல இருந்து மெதுவா எறங்கின திவ்யா, வயித்தைத் தாங்கிக்கிட்டு அவரு பக்கத்துல வந்து நின்னா. "மாமா"ன்னா. அவரு அவ தலையில கைய வச்சாரு, காலு மட்டும் நகரல. எங்க வீட்டுக்காரரு புளியோதரை அண்டாவத் தூக்கின தூக்குல அப்படியே நிக்கிறாரு.

அப்ப ஜெயக்கொடி அக்கா ஓடினாங்க. சுவரோரம் குவியலுக்குப் போயி, கல்லுக்கு நடுவுல கைய விட்டு, வாடிக் கெடந்த தூரு ஒண்ண உருவினாங்க. பட்டுச்சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு, கேட்டுக்கு நேரா, போட்ட கோலத்து நடுவுலயே முட்டி போட்டு உக்காந்தாங்க. கட்டுப் போட்ட கையால மண்ணப் பறிச்சாங்க. தூரை வச்சாங்க. மண்ணத் தள்ளி அமுக்கினாங்க. கதிரு தலை தொங்கிக்கிட்டு நிக்கிது.

"முளைச்சிருச்சுண்ணே. வையி."

அவரு பார்த்தாரு.

"வையிண்ணே. வேரு சாகல. தொட்டுப் பாரு, ஈரமா இருக்கு. ஒன் தரிசுப் புல்லு ஒரு நாள் வெயிலுக்கா சாகும்?"

அவரு செருப்பைக் கழட்டினாரு. காலைத் தூக்கிக் கேட்டுக்கு உள்ள, அந்தத் தூருக்குப் பக்கத்துல வச்சாரு. அக்கா அதுக்குள்ள அடுத்த தூருக்கு ஓடிட்டாங்க. இந்தப் பக்கம் ஒண்ணு நட்டா அந்தப் பக்கம் ஒண்ணு. ஒண்ணு நடுறதும், அவரு ஒரு அடி வைக்கிறதும், மறுபடி குவியலுக்கு ஓடுறதும். அண்ணன் எந்திரிச்சு வந்து தூரைப் பிரிச்சுப் பிரிச்சுக் குடுத்தாரு. "தலைய அறுத்து நடணும் புள்ள"ன்னாரு, பழக்க தோசம்.

"வாய மூடுங்க. வசு! என்னடி மரம் மாதிரி நிக்கிற? ஒரு குடம் தண்ணி கொண்டா!"

லாரித் தண்ணி, ரெண்டு நாளைக்கு வச்சிருந்த குடிதண்ணி, கணக்கே பார்க்கல. தூக்கிட்டு ஓடி ஒவ்வொரு தூருக்கும் ஊத்திக்கிட்டே போனேன். என் பட்டுச்சேலை முச்சூடும் அந்தப் பாழாப்போன விதை.

வீட்டுப் படி வந்துச்சு. கடைசித் தூரு. அக்கா குழி பறிக்க உக்காந்தாங்க, கை எழும்பல, ரத்தம் கட்டுத் துணியில ஊறிருச்சு. சின்னக்கருப்பன் அந்தக் கையைப் பிடிச்சு விலக்கினாரு. வெள்ளை வேட்டியோட தங்கச்சி பக்கத்துல குத்துக்காலிட்டு உக்காந்து, அன்னைக்கு அள்ளி வீசின அதே மண்ண அள்ளிக் குழி எடுத்தாரு. தூரை வச்சு, மண்ணப் போட்டு, எந்திரிச்சுத் தன் குதிகாலால மிதிச்சாரு. இறுக்கி, நல்லா இறுக்கி மிதிச்சாரு.

"போதும்ணே, உள்ள வா"ன்னாங்க அக்கா.

"இரு ஆத்தா"ன்னாரு. "ஆடாம நிக்கணும்ல."

இன்னொரு தடவ மிதிச்சாரு.